ஆற்றின் இரு கரை ஓணான்கள்

சுவா சூ காங்
ஞாயிறு மாலை

அன்புள்ள ஆர்னால்டுக்கு,

அருள்ஜோதி எழுதுகிறேன். நான் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உங்கள் சரவாக் முகாமில் போன் கிடைக்காததால் இதை அங்கே வரும் உங்கள் மாணவி நஸீஹாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் பற்றாக்குறை. வாரம் முழுக்க இரட்டை ஷிப்ட். கால் வீக்கம் இறங்கவே இல்லை. நம் புளோக்கில் லிஃப்டும் பழுது.

நேற்று நஸீஹா வீட்டுக்கு வந்தாள். கொடுத்த தேநீரை ஆறவிட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். நீங்கள் ஆற்றின் இரு கரையிலும் பிடித்த காட்டு ஓணான்களின் மரபணு முடிவு வந்துவிட்டதாம். அக்கரையில் இருப்பதற்கு மஞ்சள் தொண்டை, கழுத்தில் உயரமான முள்வரிசை, அதனால் அது யாரும் இதுவரை பெயரிடாத தனி இனம் என்றீர்களே, அப்படி இல்லையாம். இரண்டும் ஒரே இனம்தான். நிறமும் முள்ளும் இடத்துக்கு இடம் மாறுமாம். நம்ப முடியாமல் மறுபடியும் சோதித்துப் பார்த்தாளாம். “நீங்களே சொல்லிடுங்கக்கா, சார்கிட்ட என்னால முடியல” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு என்ன பெயர் வைக்க இருந்தீர்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

நம் மகள் போன பிறகு வீட்டில் நீங்கள் அவள் பெயரைச் சொன்னதில்லை. காட்டுக்குக் கிளம்பினீர்கள். ஓர் உயிருக்கு அவள் பெயரை வைத்துவிட்டால் அந்தப் பெயர் அழியாது என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது.

இன்று ஓபிர் ரோடு மாதா கோவிலில் நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கப் போனேன். யாருக்காக என்று கேட்டார்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில் ஜோவன்னா என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தேக்கா சந்தையில் மீன் வாங்க நினைத்திருந்தேன். வாங்காமலேயே ரயில் ஏறி வந்துவிட்டேன்.

நஸீஹாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். நீங்களும் பொய்யாக ஒன்றும் செய்யவில்லை, ஓணான்கள் அப்படி இருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த மலையில் வேறொன்று கிடைக்கும் என்று மட்டும் கிளம்பிவிட வேண்டாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

திருப்பலி மாதக் கடைசி சனிக்கிழமை. பாதர் அவள் பெயரை வாசிக்கும்போது நீங்கள் என் பக்கத்தில் இருக்க வேண்டும். எதுவும் பேச வேண்டாம்.

மாதா உங்களைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரட்டும்.

உங்கள்
அருள்