வாஹ் சொல்லாத லாகூர்

கோபக்காரக் கவிஞருக்கு,

முஷாயிராக் கவியரங்கில் ஒருவர்கூட ‘வாஹ்’ சொல்லிப் பாராட்டவில்லை என்று, இனி எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கராச்சிக்கு ரயிலேறினீர்கள். இருபது நாளாகிறது.

நேற்று கறிக்கடை பஷாரத் பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணி இது? கஜல்னா கடைசியில ஜோடி வார்த்தை வந்து விழும், நாங்களும் வாஹ் சொல்லுவோம். இதுல வரும் வரும்னு காத்துக்கிட்டே இருந்தோம். மனுஷன் காகிதத்தை மடிச்சுக்கிட்டு எறங்கிட்டாரு!”

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கவிதையையும் சொன்னார். ஒரே தடவை கேட்டது. ஒரு சொல் பிசகவில்லை.

கடையில் நின்றவர்கள் யாரும் வாஹ் சொல்லவில்லை. ஈ ஓட்டக்கூட ஒரு கை அசையவில்லை.

மைப்புட்டியை நிரப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்று பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்த
உங்கள் மனைவி