அருணாச்சலம் என்று தேடுகிறவர்களுக்கு

நண்பா,

ராஜமுந்திரிக் குடும்பம் ஒன்று இன்று காலை அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியது. போகும்போது அந்த அம்மா ஒரு பாட்டில் கோங்குரா ஊறுகாய் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் புளிப்பும் பூண்டுமாக வீடே மணந்தது. உன் மாமியார் சித்தூரிலிருந்து அனுப்பும் ஊறுகாயை, வேங்கிக்காலில் உன் பிரவுசிங் சென்டரில் கீபோர்டு பக்கத்திலேயே வைத்துத் தின்பாயே, அந்த வாசனை.

செங்கம் ரோட்டில் நான் வாடகைக்கு விடும் அறைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நீ. பௌர்ணமி நெருங்கினால் கூட்டம் தாங்காமல், பக்கம் திறக்காது. திரையில் வட்டம் மட்டும் சுற்றும். "கிரிவலம் போயிக்கினு இருக்குது, பொறுடா" என்பாய். நீ இறந்த பிறகு வந்த பௌர்ணமியில், கிரிவலம் போன வட்டம் திரும்பவே இல்லை.

"சர்வர மாத்தணும்பா" என்றாள் என் மகள்.

"யாரும்மா, காலைல இட்லி வெக்கிறவனா? நல்ல பையனாச்சே!"

"ஐயோ அப்பா! நம்ம வெப்சைட் குடியிருக்கிற கம்ப்யூட்டரு. மாத்தறப்போ ஒவ்வொரு பக்கமும் அதே அட்ரஸ்ல இருக்கணும். இல்லன்னா தேடறவங்களுக்கு முதல்ல வர்ற நம்ம பேரு எங்கயோ பின்னால போயிடும்."

பத்தாவது ஃபெயிலானவனுக்கு உருப்படியாகத் தெரிந்தது நீ சொன்ன ஒன்றுதான்: "புது வீட்ல பால் காய்ச்சிட்டோம்னு பழைய வீட்டுச் சாவிய உடனே குடுத்துடாத." அதைச் சொன்னேன். பழையதையும் நிறுத்தாமல் வைத்துக்கொண்டு புதியதற்கு மாற்றினாள்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் போன் வந்தது. "ஏமண்டி" என்று தெலுங்கில் ஆரம்பிக்கும் போன் மட்டும் நின்றுவிட்டது. பௌர்ணமிக்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள். மற்ற நாட்களில் என் அறைகள் நிறைவது ஆந்திராக்காரர்களால்தான். அங்கே மழை ஜாஸ்தியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறைகள் பூட்டியே கிடந்தன. "எல்லாப் பக்கமும் கொண்டாந்துட்டேன்பா" என்று மகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

முகம் மழிக்கும்போதுதான் பொறி தட்டியது.

"ஆந்திராக்காரங்க திருவண்ணாமலைன்னு தேட மாட்டாங்கடா. அருணாச்சலம்னுதான் தேடுவாங்க. தெலுங்குல தனியா ஒரு பக்கம் போடலாம்" என்று ஒரு நாள் சொன்னாய்.

"அருணாச்சலம் எங்க பெரியப்பாடா. அவரு வீட்ல ஏது ரூம்?"

அந்த ஜோக்கை நான் விடாமல் சொல்லித் திரிந்தேன். நீ கடுப்பாகி, அந்தப் பக்கத்துக்கு வெப்சைட் முகப்பிலிருந்து லிங்க் என்ற வழியே வைக்காமல் போட்டாய். "தேடறவங்க நேரா வந்துடுவாங்க. நீ வராத, சிரிப்ப."

முகப்பிலிருந்து எட்டியதை எல்லாம் மகள் கொண்டுவந்துவிட்டாள். வழியே இல்லாத பக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? பாதி முகத்தில் சோப்போடு ஓடினேன்.

"இத ஏன்பா முன்னாடியே சொல்லல?"

"சிரிச்ச சிரிப்புல மறந்துட்டேம்மா."

நல்லவேளை, பழைய சர்வர் உயிரோடு இருந்தது. அதிலிருந்து உன் பக்கத்தை எடுத்து, புதியதில் அதே அட்ரஸில் வைத்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. முகப்பிலிருந்தும் ஒரு வழி போட்டாள். இனி நான் சிரிக்க மாட்டேன் என்று உத்தரவாதம் கேட்டுவிட்டுத்தான். கீழே எங்கோ கிடந்த நம் பேர் மெல்ல மெல்ல ஏறி, பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இப்போது போன் அடித்தால் மகளை முந்திக்கொண்டு நானே எடுக்கிறேன்.

"அருணாச்சலமேனா அண்டி?"

"அவுனண்டி, ரண்டி ரண்டி!"

ஆமாங்க, வாங்க வாங்க: உன்னிடமிருந்து பிடித்த தெலுங்கு அவ்வளவுதான் நண்பா. அதற்கு மேல் அவர்கள் என்ன கேட்டாலும், "வெப்சைட் சூடண்டி", பாருங்கள் என்று நீ போட்ட பக்கத்துக்கே, உன்னிடமே அனுப்பிவிடுகிறேன்.