நகர்த்தும் முன் அணைக்கவும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். யாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. நூலகத்தில் வாரம் இரண்டு நாள் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்தில், கோடு போட்ட தாளில், என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மதியம் ஆகிறது. உன் அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் மட்டும்தான் எழுத முடியும். நடுவில் மையின் நிறம் மாறினால் பயப்படாதே. பேனாதான் மாறியிருக்கும், அப்பா மாறவில்லை.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் யார் என்கிறாயா? நீ வாங்கி அனுப்பிய டிவிதான்.

முதலில் முக்கியமான விஷயம். கடைசியில் சொல்கிறேன் என்று எழுதினால் நீ நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். நடுவில் நான் பாடுபட்டு எழுதியதெல்லாம் வீணாகிவிடும். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இரண்டிலும் புரை. ஆபரேஷன் செய்ய வேண்டும். மாட்டேன் என்கிறாள். உன்னிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று தன் உள்ளங்கையில் என்னை அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன். நீ நேரில் வந்து சொன்னால் கேட்பாள். இனி நிதானமாகப் படி.

டிவி வந்த அன்று பெட்டி வாசலில் நுழையவில்லை. கொண்டு வந்தவர்கள் சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெட்டியை வெளியிலேயே கிழித்து, டிவியை மட்டும் மாப்பிள்ளை அழைப்பது போல உள்ளே கொண்டு வந்தார்கள். ஜன்னலை ஒட்டி மேசை மேல் நிற்க வைத்தோம். நாற்பது வருஷம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் நான். ஒரு சுவரைப் பார்த்த உடனே எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். இந்த டிவி அரை லிட்டர் பிடிக்கும்.

பழைய டிவியில் செய்தி வாசிக்கும் அம்மாளின் முகம் ஒரு கிண்ணம் அளவு இருக்கும். இப்போது துணி ஊற வைக்கும் தொட்டி அளவு. அவள் கன்னத்தில் ஒரு மரு இருப்பது இத்தனை வருஷம் எங்களுக்குத் தெரியாது. அவள் நேராக நம்மையே பார்க்கிறாள். அவள் எதிரில் சட்டை மாற்ற எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சமையலறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன். உன் அம்மா செய்தி நேரத்துக்குத் தலை வாரிக்கொண்டு உட்காருகிறாள். எதற்கு என்று கேட்டால், "அவ மட்டும் அவ்வளவு அலங்காரமா வரா, நான் பரட்டையா உக்காரணுமா?" என்கிறாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரை உனக்குத் தெரியும். தினமும் செய்திக்கு வந்துவிடுகிறார். ஒரு நாள் பாம்புகளைப் பற்றிய நிகழ்ச்சி ஓடியது. அவர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "டிவிதானேய்யா" என்றேன். "தெரியும் அண்ணே, ஆனா காலுக்குத் தெரியலையே" என்றார்.

இனி, விஷயம் வெளியே வந்த கதை.

ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து கண் கூசுகிறது, எதிர்ச் சுவர் ஓரமாக நகர்த்தலாம் என்று அம்மா சொன்னாள். டிவியோடு ஒரு தாள் வந்திருந்தது. அதை என் கையில் கொடுத்து, "நீங்கதான் இப்ப படிச்சவராச்சே, என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் பில் வந்தாலும் கடிதம் வந்தாலும் மருந்துச் சீட்டு வந்தாலும் படிப்பது அவள், பள்ளிக்கூடம் முடித்தவள். நான் பெயின்ட் டப்பாவையே மூடியின் நிறத்தைப் பார்த்து எடுத்தவன். கடைப் பலகைகளுக்கு வெள்ளை அடித்துக் கொடுப்பேன், எழுத்து எழுத வேறு ஆள் வருவான். அப்படிப்பட்ட என்னிடம் படிக்கச் சொல்கிறாள்!

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். "நகர்த்தும் முன் தொலைக்காட்சியை அணைக்கவும்."

விளக்கை அணைப்பார்கள், அடுப்பை அணைப்பார்கள். டிவியை நாங்கள் என்றைக்கும் நிறுத்தித்தான் பழக்கம். அதனால் வேறு எண்ணமே வரவில்லை. நல்லதாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். குழந்தையைத் தூக்குவதென்றால் முதலில் அணைத்துக்கொள்கிறோமே, அது போல. ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு அம்மாவிடம் தாளைக் கொடுத்தேன். அவள் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, "ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள்.

வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். அணைத்தோம். பின்பக்கம் கை எட்டவில்லை, பிறகு அவள் விரலும் என் விரலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. டிவி ஓடிக்கொண்டே இருந்தது, வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. என் கன்னத்துக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவில் செய்தி அம்மாள் எங்கேயோ வெள்ளம் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நாலு அடி வைத்தோம். தையல்காரர் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். "நான் அப்புறமா வரேன்" என்று திரும்பினார். அவரைக் கூப்பிட நான் ஐந்தாவது அடி வைத்தேன். வயர் இழுத்து, பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து என் கணுக்காலில் அடித்தது. செய்தி அம்மாள் பாதி வாக்கியத்தில் போய்விட்டாள்.

டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளை வாங்கிப் பார்த்த தையல்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "அண்ணே, ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கான் அண்ணே! பக்கத்துலயே படம் போட்டிருக்கானே!" என்றார். உண்மைதான். ஒரு கை பிளக்கைப் பிடுங்குவது போலப் படம். நான் அதைப் பார்க்கவில்லை. படம் பார்ப்பதெல்லாம் எழுத்துத் தெரியாதவர்கள் வேலை என்று விட்டுவிட்டேன்.

நான் பார்க்காதது சரி. அவள் ஏன் பார்க்கவில்லை? தையல்காரர் போன பிறகு யோசித்தேன். அவள் தாளைப் பிடித்திருந்த விதம் ஞாபகம் வந்தது. தமிழ் எழுத்து என் பக்கம் இருந்தது. அவள் பார்த்துத் தலையாட்டியது பின்பக்கத்தை. அங்கே எங்கள் இருவருக்குமே தெரியாத ஏதோ ஒரு மொழி.

அதன் பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. ஊசியில் நூல் கோக்கத் தையல்காரரிடம் ஓடியது. செய்தித்தாளில் எல்லாம் பொய் என்று சொல்லி நிறுத்தியது. நீ பெரிய டிவி வாங்கட்டுமா என்று கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் சரி என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருஷம் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் சேர்த்தது. "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டும், வீட்டுல ஒருத்தருக்காவது படிக்கத் தெரியணும்ல" என்றாள். ஒருத்தருக்காவது என்றாளே, அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

கேட்டேன். முதலில் சண்டை போட்டாள். பிறகு ஒத்துக்கொண்டாள், சத்தியமும் வாங்கினாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, அரை மணி நேர வேலை, வலிக்காது, தள்ளிப்போட வேண்டாம் என்றார். அவளும் பாதிச் சம்மதத்துக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து உன் டிவியில் கண் ஆபரேஷன் காட்டினார்கள். கண் ஒவ்வொன்றும் கதவு அளவு! அதன் மேல் கடப்பாரை அளவு ஊசி! மங்கலாகத் தெரிகிறவளுக்கும் அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. "பழைய டிவியா இருந்தா சம்மதிச்சிருப்பேன்" என்கிறாள். தப்பு உன் மேல் வந்து நிற்கிறது பார்த்தாயா?

இதுவரை நாலு மதியம். இன்றைக்கு ஐந்தாவது. இனி எழுதப்போவது நான் எழுத நினைத்தது இல்லை.

அம்மா இன்று சீக்கிரம் எழுந்துவிட்டாள். சத்தம் இல்லாமல் வந்து தாள்களை எடுத்தாள், ஜன்னலோரம் போய் மூக்குக்குக் கிட்டே பிடித்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள். "என்ன இது?" என்றாள். வகுப்புப் பாடம் என்றேன். "அப்ப படிங்க, கேப்போம்" என்றாள்.

எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம், மகளே. பசு பால் தரும் என்று நாலு பக்கத்துக்கும் படித்தாலும் அவளுக்குத் தெரியாது. நீ விடுதியில் இருந்தபோது எழுதிய கடிதங்களை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான். ஒவ்வொன்றிலும் கடைசி வரி "அப்பா நினைப்பாகவே இருக்கிறது" என்று முடியும். நீ நிஜமாகவே எழுதினாயா, அவள் சேர்த்துப் படித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்காகவாவது நானும் இனிப்பாக ஏதாவது சேர்த்திருக்கலாம். வாய் வரவில்லை. இருந்தது இருந்தபடி படித்தேன்.

டிவியை அணைத்த இடத்தில் அவள் சிரித்தாள். சத்தியம் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன், எது தலையில் விழுமோ என்று. அவள் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "கண்ணுக்கு எந்த ன போட்டீங்க?" என்றாள்.

இரண்டு சுழி என்றேன்.

"மூணு சுழிங்க. டாக்டருக்கு இப்படி எழுதிக் கொடுத்தா அவர் எதையாவது வெட்டிடப் போறாரு. திருத்திட்டு அனுப்புங்க" என்றாள்.

அனுப்புங்க என்றாள். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படிக்கச் சொல்லித் திருத்த வைக்கிறாள். மேலே மை அப்பிக் கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் உன் அம்மாவின் கண். உன்னிடம் சொல்லச் சொன்னாள்: நீ வந்தால் ஆபரேஷனுக்கு வருவாளாம், ஆனால் உள்ளே போகும்வரை கையை விடக் கூடாதாம், என் கை ஈரமாக இருக்குமாம், அதனால் உன் கைதான் வேண்டுமாம்.

நீ எங்கே இருந்தாலும் நூறு வயது நிறைவாக வாழ வேண்டும். லீவு கிடைக்கும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுது. அதை நான் படித்துச் சொல்கிறேன். அதற்கு அடுத்த கடிதத்தை அவள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டைவிரலில் மை இல்லாமல் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா