வராதவனின் பங்கு

மாம்புரி,
சனிக்கிழமை.

அன்பு றோசாவுக்கு,

நானும் ஜெசிக்காவும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழும்புகிறோம். நீயும் அப்படியாவது இருக்க வேண்டும் என்று புனித அன்னம்மாளிடம் மன்றாடுகிறேன். நம் மகன் நிலுக்சனைக் கடல் கொண்டுபோன பிறகு போனில் நமக்குக் கதை வருவதில்லை. அதனால் உன்னைப் போல் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குத் திரும்பும் றைஸாவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். எழுத்துப் பிழைக்கு என் எட்டாம் வகுப்பு வாத்தியாரைத் திட்டு. அதற்கு மேல் எனக்கு வாத்தியார் இல்லை.

பள்ளிக்கூடச் சோதனை வருகிறது, மகளின் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டு என்றாய். பெற்றார் கூட்டத்தில் ரீச்சரும் அதையே சொன்னா. ஊர் பேர் தெரியாதவர்களோடு போனில் வேஷம் போட்டு ஆடும் விளையாட்டு பதினாறு வயதுக்கு ஆகாதாம். நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

பறிக்கமுதல் அதில் என்னதான் இருக்குது என்று பார்க்க நினைத்தேன். மகள் எனக்கும் அந்த விளையாட்டில் ஒரு ஆளைச் செய்து தந்தாள். தாடி, கோடரி, என்னைவிட வடிவு. நடக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரில் முட்டினேன். பிறகு ஒரு குளத்தில் விழுந்து செத்தேன். கடல்காரன் குளத்தில செத்திட்டீங்களே அப்பா என்று சிரித்தாள். றோசா, அதில் செத்தவன் சற்று நேரத்தில் எழும்பி வருகிறான். நானும் எழும்பினேன். இது பிள்ளைக்கு ஆகுமா என்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான். எனக்கு யோசனை ஓடவில்லை.

மகளுக்கு அங்கே ஒரு கூட்டம் இருக்குது. பிலிப்பைன்ஸ் பெட்டை ஒருத்தி, பெரு நாட்டுப் பொடியன் ஒருவன், இன்னும் சிலர். சேர்ந்து ஒரு பூதத்தை அடித்தார்கள். கிடைத்ததைப் பிரிக்கும்போது ஜெசிக்கா ஒரு பங்கை எடுத்து அண்ணனின் பெட்டியில் போட்டாள். முன்பு இரண்டு பேரும் விளையாட்டுக்குள் கட்டிய வீட்டில் அந்தப் பெட்டி அப்படியே இருக்குது. கடலில் போனவனின் மீன் பங்கை முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி வரைக்கும் வீட்டுக்குக் கொடுப்பது நம் கரை வழக்கம் அல்லவா? மகன் வேலை செய்த வள்ளத்தின் சொந்தக்காரர் நெய்னார் நானாவும் வள்ளம் கரைக்கு வரும்போதெல்லாம் நம் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். பள்ளிவாசலுக்குப் போகிற அவருக்கு நம் திருப்பலிக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் இவள் செய்கிறாள். ஏன் என்று அந்தப் பொடியன் கேட்டானாம். எங்கட ஊரில வராதவனுக்கும் பங்கு இருக்கு என்று எழுதினாளாம். இப்போது இவள் இல்லாத நாளிலும் அவர்களே போட்டு விடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் போனுக்குக் கையை நீட்டினேன். சண்டை பிடிக்காமல் தந்தாள். ஆண்டுத் திருப்பலி முடிஞ்சதும் இந்தப் பங்கையும் நிப்பாட்ட வேணுமா அப்பா என்று மட்டும் கேட்டாள். சோறு வெந்திட்டுதா என்று நான் கேட்டேன். அன்று வீட்டில் உலையே வைக்கவில்லை, பாண்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

படிப்பு முடித்து விளையாடட்டும். ஏசுவதென்றால் என்னை ஏசு, பிள்ளையை ஏசாதே.

திருப்பலி வருகிற மாதம். அவள் கேட்டதற்குப் பதிலை எழுதி அனுப்பாதே. எப்படியாவது லீவு கேட்டு, வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நிலுக்சன் போனபோது அந்த வேலை வீட்டில் உன்னை விடவில்லை. இந்த முறை ஆண்டவர் அந்த வீட்டுக்காரரின் மனதை இளக்கட்டும்.

உனக்காக வாசல் படலையைப் பூட்டாமல் வைத்திருக்கும்,
பீற்றர்