கறுப்பு நுனி

ஜூன் 8, ஞாயிறு

தண்ணீர் சோதிக்க வந்த பெண்ணை நான் விரட்டிவிட்டேனாம். மாதா கோவில் பூசை முடிந்து வரும்போது காதில் விழுந்தது. தவறு. செருப்போடு கிணற்றடியில் நிற்காதே என்று மட்டும்தான் சொன்னேன். பிறகு காப்பி கொடுத்தேன். இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பெயர் ஷெரின். காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவி. விரலளவு அட்டைகள் சிலவும் கைக்கடக்கமான கருவி ஒன்றும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள். அட்டை நுனியில் கிணற்று நீரைச் சொட்டவிட்டுக் கருவியில் செருக வேண்டும். ஈயம் கலந்திருந்தால் எண் ஏறும். தினமும் காலையில் பார்த்துக் குறிக்கச் சொன்னாள்.

கெட்டிக்காரி, ஆனால் சுத்தம் போதாது. நுனியெல்லாம் அடுப்புக்கரி அப்பியதுபோல் கறுப்பு. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்துப் பளிச்சென்று வைத்தேன்.

ஜூன் 11

இன்றும் பூஜ்யம். தங்கச்சிமடத்தில் இப்படி ஒரு தண்ணீர் உண்டா! பக்கத்து வீட்டு மிக்கேலம்மாளின் மருமகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். அவள் குடிப்பதும் என் கிணற்றுத் தண்ணீர்தான். தைரியமாகக் குடி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 14

ஷெரின் வந்தாள். அட்டைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆன்ட்டி, இந்தக் கறுப்பை என்ன செஞ்சீங்க?"

"துடைச்சேன்."

"அய்யோ, அதுதான் ஆன்ட்டி எல்லாமே. கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துகள். ஈயத்தைப் பிடிச்சுக் காட்டுறதே அதுதான்."

புது அட்டை செருகினாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

மாதாவே — தைரியமாகக் குடின்னு நாந்தானே சொன்னேன்? என் வாயாலதானே சொன்னேன்?

கிணற்று மூடியைப் பூட்டிவிட்டு மிக்கேலம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். அவள் என் கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்தாள்.

"உங்க கையில கறுப்புன்னு ஒண்ணு பொழைக்குமா மதினி? இத்தன வருசம் நான் தப்பிச்சதே பெருசு. அழுவாதிய. காலைல மருமகளக் கூட்டிக்கிட்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க."

ஜூன் 19

கிணற்றை இறைத்துத் தூர் வாரினார்கள். சேற்றோடு வாளி வாளியாக ஈயக்குண்டுகள். என் கணவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து வலைக்குக் குண்டு கோத்த காலத்தில் தவறி விழுந்தவை. அந்த மனிதர் கையில் எதுதான் நின்றது!

ஜூன் 24

மருமகளின் ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை. தேவனுக்கு நன்றி. ஷெரினுக்கும்.

லாரித் தண்ணீரில் எனக்கும் ஒரு குடம் பிடித்து வாசலில் வைக்கிறாள் மிக்கேலம்மாள். குடத்தின் அடி கறுத்திருக்கிறது. நான் தேய்க்கவில்லை.

நவம்பர் 16

மழைக்குப் பின் ஊறிய தண்ணீரை ஷெரின் எடுத்துப் போனாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மருமகளுக்கு அடுத்த மாதம் பேறுகாலம். கிணற்றுச் சாவியை மிக்கேலம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஷெரினுக்கு இன்று எழுதியது:

"இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? போனில் சொல்ல வேண்டாம். எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. என் பெயருக்கு அல்ல, மிக்கேலம்மாள் பெயருக்கு."