துரைக்கு வந்த சம்பந்தம்

தி.நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தீபிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் துரையும் நலம். உன் மாமனாரை நான் வீட்டில் வைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்று இதற்குள் புனேவுக்குச் செய்தி வந்திருக்கும். நடந்ததை என் வாயாலும் நீ கேட்க வேண்டும். போனில் சொன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரே என்று 'ம், ம்' என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

நம் துரைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சிரிக்காதே. போன வாரம் உன் மாமனார் அடையாறிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய நகைக்கடைக்கு வாடிக்கையாக வரும் அனுப்ரியா என்ற பெண் ஒரு ராஜபாளையம் பெட்டை நாய் வளர்க்கிறாளாம். இனம் சேர்க்க நல்ல வெள்ளை ஆணாகத் தேடுகிறாளாம். "நம்ம வீட்டுலயே இருக்கே" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டாராம். முதல் குட்டி தனக்கு என்றும் பேசி முடித்துவிட்டார்.

எந்த வீடு நம்ம வீடு? புனே ஃபிளாட்டில் நாய் சரிப்படாது என்று அவர் பிள்ளை சொன்னதால்தானே, கல்யாணத்துக்கு முன்னால் நீ தூக்கி வந்த குட்டி எங்களிடமே தங்கிவிட்டது? இத்தனை வருஷத்தில் ஒரு ரொட்டித் துண்டு போட்டிருப்பாரா அந்த மனுஷர்? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதென்றால் எல்லோருக்கும் கை தாராளமாகத்தான் வரும்.

எனக்கு இஷ்டமில்லை. துரை உன் நாய், உன்னைக் கேட்கவில்லை. அதோடு இந்த ஜாதியில் சில குட்டிகள் காது கேட்காமல் பிறக்கும். நல்லதைப் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துப் போவார்கள், செவிட்டுக் குட்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? இதைச் சொன்னதற்கு உன் அம்மா, "பொண்ணைக் கொடுத்த இடம், நாய்க்காக முகத்தை முறிச்சுக்காதீங்க" என்றாள். உன் கல்யாணத்திலிருந்து நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பங்கஜம் இதையேதான் சொல்கிறாள். சரி, வரட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். உன் வயதுதான் இருக்கும். வந்ததும் தரையில் உட்கார்ந்து துரையின் பல்லைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பின்னாலிருந்து கைதட்டித் திரும்புகிறானா என்று பார்த்தாள். செவிட்டுக் குட்டி பிறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிறகு அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். முன்பு அவளுடைய நாயை வேறு ஓர் ஆணோடு இரண்டு முறை சேர்த்தும் குட்டி தங்கவில்லையாம். பார்த்தவர்களெல்லாம் பெட்டை மலடு, தள்ளிவிடு என்றார்களாம். கடைசியில் டாக்டர் அந்த ஆணைச் சோதித்தபோது குறை அதனிடம்தான் இருந்ததாம். அதனால் துரைக்கு உயிரணுப் பரிசோதனை செய்து, அது சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் உன் மாமனார் முந்திக்கொண்டார். சோபாவில் சாய்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நியாயம்தானம்மா. ஆணைப் பாக்காம பொட்டையைக் குத்தம் சொன்னா எப்படி?"

தீபிகா, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தீபாவளிக்கு அத்தனை பேர் நடுவில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று உன்னைக் கேட்டது அவர் வீட்டம்மாள். நாலு வருஷமாக ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் உனக்கு மட்டும். பொங்கலுக்கு வந்தபோது ஊசி போட்டு உன் வயிறு நீலம் பாரித்திருந்ததை அம்மா பார்த்துவிட்டு என்னிடம் அழுதாள். மாப்பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லை" என்று அவர் ஆஸ்பத்திரியையே மாற்றினார் என்பதும் அம்மா சொல்லித்தான் தெரியும். திருக்கருகாவூர் கோயிலில் பிள்ளை வரத்துக்குத் தரும் நெய்யை இரண்டு பேரும் சாப்பிட வேண்டும் என்று கொடுத்தார்கள். அதைக்கூடக் கொழுப்பு ஏறும் என்று உன்னிடமே தள்ளிவிட்டாராமே! மாமியார் உடைத்தால் மண்குடம் என்பதை இத்தனை நாள் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

அதனால் கேட்டேன். சத்தம் போடவில்லை, அதை மட்டும் நம்பு. "சம்பந்தி, இந்த நியாயம் நாய்க்கு மட்டும்தானா?" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பெண் பாவம், ஒன்றும் விளங்காமல் ஆட்டோ பிடித்துப் போனாள். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் ராத்திரி எனக்குப் பிடித்த புளிக்குழம்பு இருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை ராம்குமார் போன் செய்து, அப்பாவிடம் இப்படிப் பேசலாமா மாமா என்று கேட்டார். பேசியது தப்பென்றால் மன்னிப்புக் கேட்கிறேன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன். போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் நானே துரையை டாக்டரிடம் கூட்டிப் போனேன். நான் நாளிதழைப் பிரித்துப் படிக்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் ஆள், "அவ்ளோதான் சார், கூட்டிக்கினு போங்க" என்றான். ஊசியில்லை, வலியில்லை. துரை வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். இந்த 'அவ்வளவுதானை'ச் செய்ய மறுத்தா என் பெண்ணை நாலு வருஷம் துளைத்தார்கள் என்று நினைத்தபோது ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

துரைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம். குறை இருந்திருந்தாலும் அவனுக்குப் போடும் சோற்றை நான் குறைத்திருக்கமாட்டேன். மாப்பிள்ளைக்கும் அதுதான். குறை இருந்தால் எனக்கு அவர் மாப்பிள்ளை இல்லையென்று ஆகிவிடுமா? மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது. பார்க்கவே மாட்டேன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ சம்மதித்தால் துரையை அனுப்ரியாவின் நாயோடு சேர்க்கலாம் என்றிருக்கிறேன். ஊரே மலடு என்றபோதும் தன் நாயைத் தள்ளிவிடாதவள் அவள். உன் மாமனாருக்கு முதல் குட்டி கிடையாது, இதில் மட்டும் பங்கஜம் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

இனி உன் விஷயம். அடுத்த ஊசிக்குத் தேதி கொடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். போகாதேம்மா. முதலில் அவர் போகட்டும். மாட்டேன் என்றால் சண்டை போட வேண்டாம், லீவு சொல்லிவிட்டு இங்கே வா. எத்தனை நாள் என்று நானோ அம்மாவோ கேட்கமாட்டோம். எனக்குப் பேரப்பிள்ளை வேண்டும்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அதற்காக என் பிள்ளையைக் குத்திக்கொண்டே இருக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கருணாகரன்