கடைசியாகத் தொட்ட லிங்க்

பிப்ரவரி 4, செவ்வாய்

குளிர் இன்னும் விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போடும் லிங்க் வழியாக யாராவது எதையாவது வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். நாற்பத்தொரு பெண்களில் ஒருத்திக்கும் இது தெரியாது. புத்தகத் தள்ளுபடியைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். பிறகு ஸ்வெட்டர், குக்கர், வெந்நீர் ஹீட்டர். "அருணா போட்டா நல்லதாத்தான் இருக்கும்" என்கிறார்கள். நல்லதைத்தான் போடுகிறேன். பிறகு ஏன் சொல்லாமல் இருக்கிறேன்?

பிப்ரவரி 9, ஞாயிறு

என் அறையில் இருக்கும் வீரலட்சுமி, கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிவிட்டாள். எட்டு மாதச் சேமிப்பு. அவளிடம் ஒரு ரிவார்ட்ஸ் ஆப் இருக்கிறது. அதன் வழியாக ஆன்லைன் கடைக்குள் போய் வாங்கினால் எழுநூற்று இருபது ரூபாய் திரும்ப வருமாம். மெஷினுக்குக் குழாய் இழுக்க அது பிளம்பர் கூலி.

பணம் கட்டுகிற நேரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. "ஏட்டி, ஆறரை கிலோவா ஏழு கிலோவா? நீ பாத்துச் சொல்லு." எனக்குப் பிடித்த மாடலை அவளுக்கு அனுப்பினேன். அதைத் தொட்டு, அப்படியே வாங்கிவிட்டாள். மொட்டைமாடியில் துணி காயப்போட்ட அத்தனை பேரிடமும் போய்ச் சொன்னாள்.

பிப்ரவரி 10, திங்கள்

என் கமிஷன் கணக்கில் ஒரு வாஷிங் மெஷின். நேற்று மாலை 4.12. வாங்கியவர் பெயர் காட்டாது, பொருளும் நேரமும் மட்டும்தான். பெயர் எதற்கு?

பழக்கத்தில் என் லிங்க்கையே அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

விதிகளை ஒழுங்காகப் படித்தேன். கடை கமிஷன் தருகிறது. யார் அனுப்பிய ஆள் என்பதை நடுவில் ஒரு நெட்வொர்க் குறித்துக்கொள்கிறது. அந்த ரிவார்ட்ஸ் ஆப்பும் என்னைப் போல ஒரு கமிஷன்காரர்தான். வருவதில் ஒரு பங்கை வாங்கியவருக்கே திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவே. நான் கொடுப்பதில்லை. ஒரு விற்பனைக்கு ஒருவருக்குத்தான் கமிஷன்: கடைசியாக யாருடைய லிங்க்கைத் தொட்டார்களோ அவருக்கு. வீரா கடைசியாகத் தொட்டது என்னுடையதை; அவளுக்கு அந்த எழுநூற்று இருபது வராது.

வீரா கேட்டால் சொல்லிவிடலாம். கேட்காவிட்டால்?

பிப்ரவரி 17, திங்கள்

"துட்டு இன்னும் ஏறலயேட்டி" என்றாள் வீரா. கொஞ்சம் நாளாகும் என்றேன்.

பிப்ரவரி 22, சனி

ஆப்புக்குப் புகார் போட்டிருக்கிறாள். பதில் இங்கிலீஷில் வந்துவிட்டது. கேண்டீனில் போனை என்னிடம் நீட்டினாள். "ஒனக்குத்தான் வாசிக்க வரும், சொல்லு."

வேறொருவருடைய லிங்க் வழியாக ஆர்டர் பதிவாகியிருப்பதால் பணம் தர இயலாது — இதுதான் இருந்தது.

நான் சொன்னது: "ஏதோ டெக்னிக்கல் கோளாறாம்."

"கோளாறு அவனுக்கு, நட்டம் எனக்காக்கும்? நாசமாப் போவான்!"

எதிரே இருந்த பக்கத்து அறைப் பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிச்சேனே — எப்படி முடிஞ்சுது? இவ்ளோ படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆப் அனுப்பியதுபோல நானே எழுநூற்று இருபதைப் போட்டுவிடலாமா? ஜிபே என் பெயரைக் காட்டிவிடும். அவள் பர்ஸில் வைத்தால்? பத்து ரூபாய் கூடினாலும் கண்டுபிடிப்பவள். திருப்பிக் கொடுப்பதற்கும் திருட்டு வழிதான் தோன்றுகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

இன்று குரூப்பில் வீராவின் குரல்: "எல்லாரும் அந்த ஆப்பத் தூக்கிப் போடுங்க. திருட்டுப்பய ஆப்பு. இனி அருணா போடுத லிங்க்ல வாங்குங்க. அவதான் நமக்காவ உக்காந்து தேடித் தாரா."

பதினோரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன். துவைக்கிற கல்லில் அவள் யூனிபாரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.

"இரு. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரன் லாட்ஜுக்கு ஆளக் கொண்டு விட்டு கமிஷன் வாங்குதாம்லா, அதானா?"

"ம்."

"அந்த ஆப்பு ஒரு ஆட்டோ. நீ ஒரு ஆட்டோ."

"ம்."

"அதுல போய்க்கிட்டு இருந்தவள எறக்கி ஒன் வண்டில ஏத்திக்கிட்ட."

"தெரியாம ஆயிடுச்சு வீரா. பழக்கத்துல —"

"ஏத்துனது தெரியாம. எனக்கு மாத்தி வாசிச்சியே, அது?"

எழுநூற்று இருபது ரூபாயை நீட்டினேன். நுரைக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "இது என் துட்டு. வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா நீ எனக்காவத் தேடுதன்னு ஊருக்கெல்லாம் சொன்னேம் பாரு..." முடிக்காமல் யூனிபாரத்தைப் பிழிய ஆரம்பித்தாள்.

மார்ச் 3, திங்கள்

குரூப்பில் எழுதினேன்: "நான் போடும் லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். இதுவரைக்கும் வந்தது. வீராவின் பணம் போனது என்னால், அந்த ஆப் மேல் தப்பில்லை."

பிரியா: "அடிப்பாவி, அப்ப ட்ரீட் எங்கடி?" வார்டன் சாந்தம்மா அக்கா படியில் நிறுத்தி, "ஏனம்மா, என் ஹீட்டர்லயும் உனக்கு வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன். ஆறு பேர் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள்.

மார்ச் 12, புதன்

வீரா பேசுகிறாள். தண்ணீர் வந்துவிட்டது, ஷிப்ட் மாறிவிட்டது, சோப்பு தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரே அறையில் இதைவிடக் குறைவாகப் பேச முடியாது.

மார்ச் 19, புதன்

லிங்க் போடுவதை நிறுத்தவில்லை. கீழே "எனக்குக் கமிஷன் உண்டு" என்று எழுதிப் போடுகிறேன். யாரும் தொடுவதில்லை. இதுவும் சரிதான் என்று நினைக்கிறேன், பிறகு இல்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. சாந்தம்மா அக்கா எல்லாருக்கும் ஒப்பட்டு கொடுத்தார், நம் ஊர்ப் போளிதான். வீரா தன் தட்டோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு நாளைக்குப் பிறகு.

"எங்க மதினிக்கு மிக்சி வேணுமாம். எது நல்லது?"

போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"லிங்க் வேண்டாம்ட்டி. பேரு மட்டும் சொல்லு."

சொன்னேன். அவள் எழுத்து எழுத்தாகத் தன் போனில் தட்டினாள். நான் அந்தத் திரையைப் பார்க்கவில்லை.